மீனில் பாதரசம், காரீயம், காட்மியம்: மீன் வாங்கப் பழகுகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வீட்டில் ஒரு பெண் கர்ப்பமாக இருக்கும்போதுதான் பெரும்பாலும் இந்தக் கேள்வி எழுகிறது: "மீனில் பாதரசம் இருக்கிறதாமே, சாப்பிடலாமா?" சாப்பிடலாம், சாப்பிடவும் வேண்டும். மீனில் உள்ள புரதம், ஒமேகா-3 கொழுப்பு, அயோடின் எல்லாமே குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தேவையானவை. என்ன மீன், எவ்வளவு பெரியது, எந்தத் தண்ணீரில் பிடித்தது, வாரத்துக்கு எவ்வளவு என்று பார்க்கத் தெரிந்தால் போதும். இப்போதுதான் மீன் வாங்கப் பழகுகிறவர்களுக்கும் புரிகிற மாதிரி ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: எந்த உலோகம் எங்கே தங்குகிறது

மீனைப் பொறுத்தவரை முதல் கவலை பாதரசம். நிலக்கரி எரிப்பதாலும், சிறு தங்கச் சுரங்கங்களில் தங்கத்தைப் பிரிக்கப் பாதரசம் பயன்படுத்துவதாலும் அது காற்றில் கலக்கிறது. மழையோடு இறங்கிக் கடலுக்கும் ஏரிக்கும் வந்து சேர்கிறது. ஆக்சிஜன் இல்லாத அடிச்சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. ஆபத்தான வடிவம் இதுதான். மிதக்கும் பாசியில் ஏறுகிறது. பாசியைத் தின்னும் சிற்றுயிரில் கூடுகிறது. அதைத் தின்னும் மத்தியில் இன்னும் கூடுகிறது. மத்தியைத் தின்னும் வஞ்சிரத்தில் அதைவிட, பெரிய சுறாவில் அதையும்விட. இப்படி ஏறி ஏறி, பெரிய மீனின் சதையில் இருக்கும் மெத்தில் பாதரசம் அது நீந்திய தண்ணீரில் இருப்பதைவிட லட்சக்கணக்கான மடங்கு இருக்கும்.

இது சதையில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அதனால் உப்பும் மஞ்சளும் போட்டு அலசினாலும் புளித் தண்ணீரில் ஊறவைத்தாலும் போகாது. பொரித்தாலும் குழம்பு வைத்தாலும் அப்படியே இருக்கும். தோலை உரிப்பதும் உதவாது. பாதரசத்தைச் சந்தையிலேயே தவிர்க்க வேண்டும், அடுப்படியில் அதற்கு வழியில்லை.

காட்மியம் வேறு மாதிரி. அது சதையில் அதிகம் சேராது. ஈரல், சிறுநீரகம், குடல் போன்ற உள்ளுறுப்புகளில் தங்கும். கணவாயின் உள்ளுறுப்பிலும், நண்டு ஓட்டைப் பிரித்ததும் தெரியும் பழுப்பும் மஞ்சளுமான பசையிலும் நிறைய இருக்கும். காரீயம் செவுள், எலும்பு, ஈரல் பக்கம் போகிறது. இந்த இரண்டையும் சுத்தம் செய்யும்போதே கணிசமாகக் குறைத்துவிடலாம்.

ஆர்சனிக் என்ற பெயரைக் கேட்டதும் பலர் பதறுகிறார்கள். கடல் மீனிலும் இறாலிலும் ஆர்சனிக் அதிகம் என்று ஆய்வக அறிக்கை காட்டும். ஆனால் அதில் பெரும்பகுதி ஆர்சனோபீட்டெய்ன் என்ற கரிம வடிவம். உடல் அதை மாற்றாமல் சிறுநீரில் வெளியேற்றிவிடும். மீன் விஷயத்தில் உங்கள் கவலைப் பட்டியலில் இது கடைசியில் இருக்கட்டும்.

பாதரசம் என்ன செய்யும் என்பதை உலகம் ஜப்பானில் பார்த்தது. மினமாட்டா நகரில் சிஸ்ஸோ நிறுவனத்தின் இரசாயன ஆலை, பாதரசம் கலந்த கழிவைப் பல ஆண்டுகள் விரிகுடாவில் விட்டது. முதலில் பூனைகள் வலிப்பு வந்து சுழன்று விழுந்து செத்தன. 1956 மே மாதம் மனிதர்களிடம் அந்த நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. கை கால் மரத்துப்போனது, நடை தள்ளாடியது, பார்வை சுருங்கியது, பேச்சு குழறியது. ஆலைக் கழிவுதான் காரணம் என்று ஜப்பான் அரசு ஒப்புக்கொண்டது 1968இல். அங்கே மருத்துவர்களை உலுக்கியது இன்னொன்று: பெரிய அறிகுறி எதுவும் இல்லாத தாய்மார்களுக்குக் கடுமையான மூளைப் பாதிப்போடு குழந்தைகள் பிறந்தன. மெத்தில் பாதரசம் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகிறது, தாயின் இரத்தத்தைவிடக் குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்தில் கூடுதலாகவே சேர்கிறது. கர்ப்பிணிகளைப் பற்றி இவ்வளவு வலியுறுத்துவது அதனால்தான்.

மினமாட்டா அளவுக்கு நச்சேறிய மீன் நம் சந்தையில் சாதாரணமாகக் கிடைப்பதில்லை. நாம் கவனிக்க வேண்டியது, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்வதை.

இரண்டாம் படி: கடையில் மீனின் அளவைப் பாருங்கள்

ஒரு விதியை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்: சின்ன மீன், சீக்கிரம் வளரும் மீன், பாசியையும் சிற்றுயிரையும் தின்னும் மீன் நல்லது. பெரிய மீன், நீண்ட நாள் வாழும் மீன், மற்ற மீன்களை வேட்டையாடும் மீன் குறைவாக.

தாராளமாக வாங்கக்கூடியவை: மத்தி (தெற்கே சாளை), நெத்திலி, காரப்பொடி, அயிலை என்கிற கானாங்கெளுத்தி, கிழங்கான், மடவை, இறால். குளத்து மீன் பிடிக்குமென்றால் கட்லா, ரோகு, ஜிலேபிக் கெண்டை. இவற்றில் பல மலிவானவையும்கூட. விலை குறைந்த மீனை ஏதோ தரம் குறைந்தது மாதிரி பார்க்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பாதரசக் கணக்கில் மத்திக்கும் நெத்திலிக்கும்தான் முதல் இடம்.

வவ்வால், சங்கரா, கொடுவா நடுவில் வரும். வாரம் ஒரு முறை என்றால் யோசிக்க வேண்டாம்.

அடிக்கடி வேண்டாம் என்பவை: பெரிய சுறா, மயில்மீன், தளபத்து, பெரிய சூரை, பெரிய களவா, ஊளி. வஞ்சிரத்தை எங்கே வைப்பது என்று கேட்பீர்கள். கன்னியாகுமரிப் பக்கம் நெய்மீன், யாழ்ப்பாணத்தில் அறுக்குளா என்று கொண்டாடப்படும் மீன் அது. அமெரிக்காவில் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டிய மீன்களில் கிங் மேக்கரல் என்று ஒன்று உண்டு. அது வஞ்சிரத்துக்கு நெருங்கிய உறவு, அதே மீன் அல்ல. அந்தத் தடையை அப்படியே எடுத்து வஞ்சிரத்தின் மேல் ஒட்ட வேண்டியதில்லை. ஆனால் வஞ்சிரமும் வேட்டை மீன்தான், பெரிதாகப் பெரிதாகப் பாதரசம் கூடும். ஒன்று ஒன்றரைக் கிலோ மீனை முழுதாக வாங்கி வெட்டச் சொல்லுங்கள். எட்டு, பத்துக் கிலோ மீனின் அகலத் துண்டுகள் பார்க்க அழகாக இருக்கும், விலையும் கூடுதல், பாதரசமும் கூடுதல். துண்டாக விற்கும் கடையில் துண்டின் அகலத்தைப் பார்த்தாலே மீனின் வயது ஓரளவு தெரிந்துவிடும்.

கருவாட்டுக்கும் இதே விதி. காயும்போது தண்ணீர்தான் போகிறது, உலோகம் போவதில்லை. அதனால் எடைக்கு எடை பார்த்தால் கருவாட்டில் அது அடர்ந்திருக்கும். நெத்திலிக் கருவாட்டில் தொடக்கமே குறைவு என்பதால் பிரச்சினை இல்லை, உப்பை மட்டும் கவனியுங்கள். சுறாக் கருவாட்டை எப்போதாவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: எந்தத் தண்ணீர் என்று கேளுங்கள்

"எங்கே பிடிச்சது?" என்று கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். சென்னையில் காசிமேட்டிலோ நொச்சிக்குப்பத்திலோ மீன் விற்கும் அம்மாக்களுக்கு அது விசைப்படகு மீனா, கரைவலை மீனா, கழிமுகத்து மீனா என்று தெரியும். கேட்டால் சொல்வார்கள்.

ஆழ்கடலில் பிடிபட்ட சின்ன மீனுக்கு உள்ளூர்த் தொழிற்சாலைக் கழிவின் பாதிப்பு குறைவு. கழிமுகமும் ஏரியும் அப்படி அல்ல. வட சென்னையில் உள்ள எண்ணூரை எடுத்துக்கொள்ளுங்கள். கொசஸ்தலை ஆறு கடலைத் தொடும் அந்தக் கழிவெளியைச் சுற்றி அனல் மின் நிலையங்கள், மணலியின் இரசாயன ஆலைகள், துறைமுகங்கள். மின் நிலையச் சாம்பல் கொண்டுபோகும் குழாய்கள் கசிந்து ஆண்டுக்கணக்கில் சாம்பல் ஆற்றில் படிந்ததும், மீனவர்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனதும் ஊரறிந்த செய்தி. நிலக்கரிச் சாம்பலில் ஆர்சனிக், காரீயம், காட்மியம், பாதரசம் எல்லாம் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் அங்கே பரவியது. ஒரு காலத்தில் எண்ணூர் இறாலுக்கும் நண்டுக்கும் தனி மதிப்பு இருந்தது. அந்தத் தண்ணீரைக் கெடுத்தவர்கள் மீனவர்கள் அல்ல. விற்காத மீனைத் தாங்களே சமைத்துச் சாப்பிடுவதால் முதலில் பாதிக்கப்படுகிறவர்களும் அவர்கள்தான். இதை மனதில் வைத்துப் பேசுங்கள், மீன்காரரிடம் சண்டை போட இதில் ஒன்றுமில்லை.

மலையில் இருக்கும் ஏரியும் தப்பவில்லை. கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் சோலைக்குள் போனது. கொடைக்கானல் ஏரியின் வண்டலிலும் மீனிலும் பாதரசம் இருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள்.

ஆகவே தொழிற்பேட்டை, அனல் மின் நிலையம், தோல் ஆலை, சாயப்பட்டறை, குப்பைக் கிடங்கு இவற்றின் கழிவு சேரும் ஆறு, ஏரி, கழிமுகத்தில் பிடித்த மீனை வாடிக்கையாக வாங்காதீர்கள். அந்த இடங்களின் மட்டி, ஆளி ஆகிய சிப்பி வகைகள் இரண்டையும் முழுக்கத் தவிருங்கள். அவை நகராமல் ஒரே இடத்தில் இருந்து நாள் முழுக்கத் தண்ணீரை வடிகட்டித் தின்பவை. தண்ணீரில் என்ன இருக்கிறதோ அது அவற்றின் உடம்பில் இருக்கும். கழிவுநீர்க் குட்டையில் வளர்க்கப்படும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் வேண்டாம். அதை வளர்க்கவே இந்தியாவில் தடை இருக்கிறது.

ஒரே இடத்து மீனையே எப்போதும் வாங்காமல் மாற்றி மாற்றி வாங்குவதும் நல்ல பாதுகாப்பு.

நான்காம் படி: சுத்தம் செய்வது

செவுளையும் குடலையும் ஈரலையும் முழுதாக எடுத்துவிடுங்கள். பெரிய மீனின் ஈரல், குடல் குழம்பு சில வீடுகளில் விருப்பமான பண்டம். சுத்தமான கடலின் சின்ன மீன் என்றால் எப்போதாவது சாப்பிடலாம், கழிமுகத்து மீனில் வேண்டவே வேண்டாம். கணவாயில் மைப்பையோடு உள்ளுறுப்பு மொத்தத்தையும் கிழிக்காமல் இழுத்து எடுங்கள். கிழிந்தால் காட்மியம் சதையில் பரவும். இந்தியக் கணவாய் ஏற்றுமதியில் காட்மியம் பழைய தலைவலி, அதனால் ஏற்றுமதிக் கூடங்களில் இந்த வேலையை மிகக் கவனமாகச் செய்கிறார்கள். நண்டில் கால், மார்புச் சதையைச் சாப்பிடுங்கள். ஓட்டுக்குள் இருக்கும் பசையைக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

எலுமிச்சைச் சாறு விட்டால் நிறம் மாறும், காந்தம் வைத்தால் தெரியும் என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் வருபவற்றை நம்ப வேண்டாம். கடைகளில் அதிகாரிகள் மீனில் தடவிப் பார்க்கும் பட்டை, மீன் கெடாமல் இருக்கச் சேர்க்கும் இரசாயனங்களான பார்மலினுக்கும் அம்மோனியாவுக்கும் ஆனது. அது உலோகத்தைக் காட்டாது. பளபளவென்று, செவுள் சிவந்து, கண் தெளிந்திருக்கும் புது மீனிலும் பாதரசம் இருக்கலாம். புதுமை வேறு, உலோகம் வேறு.

ஐந்தாம் படி: வாரக் கணக்கு

இது ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு, மெத்தில் பாதரசத்துக்கு ஒரு வார வரம்பை 2003இல் வைத்தது: உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் (ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரோகிராம்). கருவில் உள்ள குழந்தையை மனதில் வைத்துத் தீர்மானித்த அளவு இது.

60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 60 × 1.6 = 96 மைக்ரோகிராம். இனி மீன். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பல ஆண்டுகள் சோதித்துத் தரும் சராசரியில் சுறாவில் கிலோவுக்கு ஏறக்குறைய 0.98 மில்லிகிராம், கிங் மேக்கரலில் 0.73, நெத்திலியில் 0.016, மத்தியில் 0.013, இறாலில் 0.009. கிலோவுக்கு மில்லிகிராம் என்பதும் கிராமுக்கு மைக்ரோகிராம் என்பதும் ஒன்றுதான். எனவே 96ஐ 0.98ஆல் வகுத்தால் 98 கிராம். அதாவது ஒரே ஒரு துண்டுச் சுறா ஒரு வாரக் கணக்கை முடித்துவிடுகிறது. 96ஐ 0.013ஆல் வகுத்தால் ஏழு கிலோவுக்கு மேல் மத்தி! யாரும் அவ்வளவு சாப்பிடப் போவதில்லை. இவை அமெரிக்கச் சந்தையின் எண்கள், நம் கடலில் கூடக் குறைய இருக்கும். ஆனால் சுறாவுக்கும் மத்திக்கும் உள்ள அந்த எழுபது மடங்கு இடைவெளிதான் இதில் பார்க்க வேண்டியது.

உங்கள் எடையைப் போட்டு ஒரு முறை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 கிலோ குழந்தைக்கு வரம்பு 24 மைக்ரோகிராம்தான். பெரியவர் தட்டிலிருந்து பிய்த்துக் கொடுக்கும் சுறாத் துண்டு, குழந்தைக்கு நான்கு பங்கு கனமானது.

ஒரு கல்யாண விருந்தில் வஞ்சிரம் சாப்பிட்டதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். மெத்தில் பாதரசம் உடலில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 50 நாள் ஆகும். ஒரு நாள் உணவைவிட மாதக்கணக்கான பழக்கம்தான் அளவைத் தீர்மானிக்கிறது. காட்மியம் அப்படி இல்லை, சிறுநீரகத்தில் பத்து ஆண்டுகளுக்கு மேல் தங்கும். புகைபிடிக்கிறவர்களுக்குச் சிகரெட்டிலிருந்தும் அது சேர்கிறது.

ஆறாம் படி: கர்ப்பிணி, பிள்ளை பெற்றவள், குழந்தை

குழந்தைக்குத் திட்டமிடும்போதே பெரிய வேட்டை மீன்களை நிறுத்திவிடுங்கள். பாதரசம் இறங்க மாதங்கள் ஆகும் என்பதால், கர்ப்பம் உறுதியான பிறகு நிறுத்துவது கொஞ்சம் தாமதம்தான். தாமதமானாலும் நிறுத்துவது நல்லது. கர்ப்ப காலத்தில் வாரத்துக்கு 225 முதல் 340 கிராம் வரை, பாதரசம் குறைந்த மீனாகச் சாப்பிடச் சொல்கிறது அமெரிக்க வழிகாட்டுதல். நம் கணக்கில் வாரம் இரண்டு மூன்று நாள் மத்தியோ நெத்திலியோ அயிலையோ.

மீனையே ஒதுக்கிவிடுவது ஏன் சரியல்ல என்பதற்கு சீஷெல்ஸ் தீவுகளில் நடந்த நீண்ட ஆய்வு நல்ல சான்று. அங்கே தாய்மார்கள் ஏறக்குறைய தினமும் கடல் மீன் சாப்பிட்டார்கள். குழந்தைகளின் வளர்ச்சியில் தெளிவான பாதிப்பு தென்படவில்லை. வட அட்லாண்டிக்கில் உள்ள ஃபாரோ தீவுகளில், பாதரசம் மிகுந்த திமிங்கிலக் கறி சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகளிடம் பேச்சு, நினைவு, கவனம் ஆகியவற்றில் பின்னடைவு தெரிந்தது. எதைச் சாப்பிட்டார்கள் என்பதில்தான் வேறுபாடு.

இப்போது பால் சுறா. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறாப் புட்டு செய்து கொடுப்பது தமிழ்நாட்டு வீடுகளில் பெரியவர்கள் அன்போடு செய்யும் காரியம். அந்த அன்பைப் புண்படுத்தாமல் எப்படிச் சொல்வது என்பதுதான் பல இளம் தாய்மார்களின் சங்கடம். உண்மை நிலவரம் இது: பால் சுறா சுறாக்களில் சிறிய வகை, எனவே பெரிய சுறா அளவுக்குப் பாதரசம் இருக்காது. தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்குப் போகும் மெத்தில் பாதரசமும் கருவில் போவதைவிடக் குறைவு. ஆகவே ஒன்றிரண்டு முறை சாப்பிட்டதற்குப் பயப்பட வேண்டாம், தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. ஆனாலும் சுறா சுறாதான், வேட்டை மீன். பெரிய சுறாவின் துண்டைப் பால் சுறா என்று சொல்லி விற்பதும் நடக்கிறது. செய்தே ஆக வேண்டும் என்றால், கை நீளத்துக்குள் அடங்கும் முழு மீனாக வாங்கி வெட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் அதே பூண்டு, சீரகம், மிளகு, சின்ன வெங்காயம் போட்டு முள் எடுத்த அயிலையிலோ சாளையிலோ புட்டு செய்யுங்கள். அம்மாவிடமோ மாமியாரிடமோ "டாக்டர் சின்ன மீனாச் சாப்பிடச் சொல்லியிருக்காங்க" என்று சொன்னால் போதும், அவர்களே நல்ல நெத்திலியாகத் தேடி வாங்கி வருவார்கள்.

குழந்தைக்குத் திட உணவு தொடங்கிய பிறகு மீன் கொடுக்கலாம். முள் இல்லாமல் மசித்து, சின்ன வகை மீனாக.

ஏழாம் படி: சந்தேகம் வந்தால் பரிசோதனை

கை கால் மரத்துப்போனால் உடனே மீனைக் குற்றம் சொல்ல வேண்டாம். சர்க்கரை நோய், பி12 குறைபாடு இரண்டும்தான் நம்மிடையே அதிகம். முதலில் அவற்றைப் பாருங்கள். பல ஆண்டுகளாகத் தினமும் பெரிய மீன் சாப்பிடுகிறவர், அல்லது மாசுபட்ட நீர்நிலையின் மீனையே உண்ணும் குடும்பம் என்றால் மருத்துவரிடம் அதைச் சொல்லிப் பாதரசப் பரிசோதனை கேளுங்கள். இரத்தம் அண்மைக் கால அளவைச் சொல்லும், தலைமுடி கடந்த சில மாதங்களின் அளவைச் சொல்லும். ஆர்சனிக்குக்குச் சிறுநீர் பார்ப்பதாக இருந்தால் மூன்று நான்கு நாள் முன்பிருந்தே கடல் மீனை நிறுத்துங்கள், இல்லையென்றால் வீணாகப் பயமுறுத்தும் எண் வரும். முகம் வெளுக்கும் கிரீம்களிலும், ரசம் (பாதரசத்தின் இன்னொரு பெயர்) சேர்த்துச் செய்யும் செந்தூர மருந்துகளிலும் பாதரசம் இருக்கலாம். அவற்றைப் பயன்படுத்தினால் மறைக்காமல் சொல்லுங்கள். 'உடலில் உள்ள உலோகத்தை வெளியேற்றும்' பொடிகளை வாங்காதீர்கள். உலோகத்தை இறக்கும் மருந்துகள் மருத்துவமனையில் கண்காணிப்போடு கொடுக்கப்பட வேண்டியவை.

மீனையே சோதிக்க வேண்டுமா? உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2006இன் 40ஆம் பிரிவு, வாங்கியவரே கட்டணம் கட்டி உணவைப் பரிசோதிக்க வழி தருகிறது. முழு மீனைச் சுத்தமான புது பிளாஸ்டிக் பையில் போட்டு ஐஸில் வைத்துக் கொண்டுபோங்கள். பாதரசம், காட்மியம், காரீயம் என்று தனித்தனியாக எழுதிக் கேளுங்கள். அறிக்கை வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, அந்த எண் ஈர எடைக்கா உலர் எடைக்கா என்பது. மீனில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் என்பதால், உலர் எடைக்குச் சொன்ன எண் ஈர எடை எண்ணைப்போல் நான்கைந்து மடங்கு இருக்கும். உணவு விதிகளின் வரம்புகள் ஈர எடைக்கானவை: பாதரசத்துக்குப் பல நாடுகளில் பொதுவாகக் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம், பெரிய வேட்டை மீனுக்கு 1 மில்லிகிராம். செய்தித்தாளில் "மீனில் வரம்பைத் தாண்டிய பாதரசம்" என்று படித்தாலும் இதையே கேளுங்கள். 1.2 என்று போட்டிருந்து அது உலர் எடையானால், நீங்கள் சமைக்கும் மீனில் அது 0.3க்குள்தான் வரும்.